என் மேல் அம்மன் வந்ததில்லை

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை பீடோங் கடைத்தெருவில் நீ மேடை போட்டுப் பேசினாய் அல்லவா, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மேடையில் ஒரு நாற்காலி போட்டு, கழுத்தில் ஒரு மாலையும் போட்டு, என்னைப் பொம்மை மாதிரி உட்கார வைத்திருப்பாய். அதற்குப் பயந்தே சொல்லாமல் வந்தேன். கோலா கெத்திலில் பஸ் ஏறி, சுங்கைப் பட்டாணியில் மாறி, வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. கூட்டத்தின் கடைசியில், பாசாரில் கீரை விற்கிற பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். நீ நன்றாகப் பேசுகிறாய். உன் அப்பாவின் குரல் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. எந்த இடத்தில் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்து வைத்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். செத்துப் போன மனிதர் எழுந்து வந்து பேசுவது போல் இருந்தது.

உன்னை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிற வாத்தியார் என்ன சொன்னார்? கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதை இந்த வருஷம் தள்ளி வைத்துவிட்டு, தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்போம் என்று சொன்னார். அவ்வளவுதான். நீ அதை என்னவாக ஆக்கினாய்? "கோபுரம் எதற்கு என்று கேட்கிறான் இந்த நாத்திகன், அம்மனை வேண்டாம் என்கிறவனுக்கா உங்கள் ஓட்டு?" என்றாய். அதோடு விட்டாயா? வருகிற வெள்ளிக்கிழமை கோயில் வாசலுக்கு அவர் வர வேண்டுமாம். நீ அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்தி வைப்பாயாம். எரிகிற கற்பூரத்தை அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்து, அப்படி நான் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். கூட்டம் விசில் அடித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி உன் அப்பா கதையை எடுத்தாய். ஜப்பான்காரன் காலத்தில் இதே மாதிரி ஒரு நாத்திகனை அவர் அம்மன் முன்னால் நிறுத்தினார், பொய்ச் சத்தியம் செய்தவன் கை வெந்து போனது, பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றாய். கடைசியாக, "என்னைப் பெற்ற தாய் மேலேயே அன்று அம்மன் இறங்கி வந்து தொடாதே என்று தடுத்தாள்" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். முன்னால் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மகனே, என் மேல் அம்மன் வந்ததில்லை. அன்றும் வரவில்லை, அதற்கு முன்பும் வரவில்லை, இனிமேலும் வர மாட்டாள். அந்தக் கதையை உனக்கு உன் அப்பா சொன்னார். நான் சொன்னதில்லை. அன்று நடந்ததை இப்போது நான் சொல்கிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புகிறேன். உன் கூட வருகிற ஆட்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் பூட்டாமல்கூட ஓடிப் போய், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த காலம். தோட்டத்தில் பால் வெட்டு பாதி நின்று போயிருந்தது. கித்தாவை, அதுதான் ரப்பரை, வாங்க ஆள் இல்லை. கடையில் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சட்டைத் துணி இல்லை. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதைத் தின்று தின்று பிள்ளைகளுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும், எழும்பவே எழும்பாது. உன் அப்பா அங்கே கங்காணி. துரை போன பிறகு ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் போட முதலில் கற்றுக்கொண்டவர் அவர்தான். நெற்றி தரையில் இடிக்கும்படி குனிவார். நான் சிரித்தால் முறைப்பார்.

ஜப்பான்காரன் தோட்டத்துக்குத் தோட்டம் நம் ஆட்களைச் சங்கம் வைத்துக்கொள்ள விட்டிருந்தான். கொடி உண்டு, கூட்டம் உண்டு, இந்தியாவுக்கு விடுதலை வாங்கித் தரும் பேச்சும் உண்டு. அதை நம்பி உண்மையாக உழைத்தவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் சங்கத் தலைவர் என்றால் அதற்கு வேறு அர்த்தம். ஜப்பான்காரன் ஆபீசிலிருந்து வரும் அரிசியை யாருக்குக் கொடுப்பது என்று தலைவர் சொல்வார். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டால், யாரை அனுப்புவது என்றும் தலைவர்தான் கைகாட்டுவார். போனவன் எவனும் திரும்பி வரவில்லை என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. உயிர் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தலைவர் தேர்தல். கொடி எல்லாம் மேல்பூச்சு.

உன் அப்பாவை எதிர்த்து நின்றவன் காளியப்பன். பால் வெட்டுக்காரன், உன் அப்பாவைவிட வயதில் சின்னவன், எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். என்னை அண்ணி என்றும் அவரை அண்ணே என்றும்தான் கூப்பிடுவான். பெண்டாட்டி பெயர் பாக்கியம். சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தபோது, பிள்ளைக்காரர்களை விடுங்கள் என்று ஜப்பான்காரன் முன்னால் போய் நின்று, கன்னத்தில் அறை வாங்கி, அப்படியும் நகராமல் நின்றவன். அதனால் லயத்துக்கு லயம் அவன் பேச்சுதான். கை தூக்கச் சொன்னால் அவனுக்குத்தான் தூக்குவார்கள் என்று உன் அப்பாவுக்குத் தெரியும். சாப்பிடும்போது கிழங்கைப் பிசைந்துகொண்டே, "இவன என்னா பண்றது, இவன என்னா பண்றது" என்று முனகுவார்.

வழியைக் காளியப்பனே கொடுத்தான். எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் அறையில், திருவிழாப் பொங்கலுக்கென்று சண்டைக்கு முன்பே சேர்த்து வைத்த நெல் மூட்டைகள் இருந்தன. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தோம். பிள்ளைகள் கால் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, காளியப்பன் ஆலமரத்தடியில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான்: "அந்த நெல்ல குத்திப் புள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சுவோம். சாமி பசி தாங்கும். புள்ளைங்க தாங்காது." நானும் அங்கே இருந்தேன். பெண்கள் அழுதார்கள். அதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார். "என்னாடா சொன்ன? சாமி பசியில கெடக்கட்டும்னா சொன்ன?" என்று ஒரு சத்தம் போட்டார். "நான் அப்படிச் சொல்லலண்ணே, தாங்கும்னுதான் சொன்னேன்" என்றான் அவன். யார் காதில் விழும்? மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லார் வாயிலும் அதுதான். சாமி பசியில கெடக்கட்டும்னு காளியப்பன் சொல்லிட்டானாம். தன் காதால் கேட்டவர்கள்கூட ரெண்டு நாளில் அதைத்தான் கேட்டதாகச் சொன்னார்கள். இந்த வித்தையில் உன் அப்பாவை அடிக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்த பிறகு, இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சத்தியம். அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லட்டும், நானும் சொல்கிறேன் என்று உன் அப்பா அறிவித்தார். காளியப்பன் உடனே ஒத்துக்கொண்டான். அன்று மத்தியானம் உன் அப்பா அடுப்படிக்கு வந்து என் டின்னைத் திறந்து கற்பூரத்தை எடுத்தார். தோட்டம் முழுக்கத் தேடினாலும் வேறு கற்பூரம் கிடைக்காது. நீ நல்லபடியாகப் பிறந்தால் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டு, துணியில் முடிந்து வைத்திருந்த கட்டி அது. சரி, சாமி காரியத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் கித்தா எரிகிற நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஒட்டுப்பாலைக் கொளுத்தி வைத்திருந்தார். ஒட்டுப்பால் உனக்குத் தெரியும், மரத்தில் வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டிக் கிடப்பதை உரித்து எடுப்போமே, அது. மண்ணெண்ணெய் இல்லாததால் விளக்குக்குப் பதில் எல்லா வீட்டிலும் அதைத்தான் கொளுத்தினோம். ஒரு வாழை மட்டையால் நெருப்பின் மேல் அடித்தார். எரிகிற பால் மட்டையோடு இழுத்துக்கொண்டு வந்து, அதிலேயே நின்று எரிந்தது. தண்ணீரில் முக்கினார், சீறிவிட்டு அடங்கியது. சுரண்டிப் பார்த்தார், மட்டையின் தோலும் சேர்ந்து வந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிற சாக்கில் காளியப்பன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கற்பூரத்தை அணைப்பார், உனக்கு ஒட்டுப்பாலைக் கொளுத்தி வைப்பார், வேண்டாம், உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றேன். அவன் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "அண்ணி, நான் சொன்னது உண்மை. உண்மை சொல்றவனுக்குக் கற்பூரமா இருந்தா என்னா, ஒட்டுப்பாலா இருந்தா என்னா? அவ பாத்துக்குவா" என்றான். அவ என்றது அம்மனை. நாத்திகன் என்று நீ மேடையில் சொன்னாயே, அந்த ஆள் பேசிய பேச்சு இது. நான் அவனைத் திட்டினேன். முட்டாளே, அம்மன் வேறு, ஒட்டுப்பால் வேறு, பால் வெட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று கத்தினேன். சிரித்தான். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் அலையாதீர்கள் என்று பாக்கியம் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், பாதிதான் காதில் வாங்கினாள்.

சாயங்காலம் கோயில் வாசலில் தோட்டமே கூடி நின்றது. ஜப்பான்கார ஆபீசர் ஒருவன்கூட நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தான். உன் அப்பா குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, முதலில் தான் போனார். தட்டில் என் கற்பூரம் எரிந்தது. "அவன் சொன்னத நான் என் காதால கேட்டேன், அம்மன் சாட்சி" என்று சொல்லி ஒரே அடி. புஸ்ஸென்று அணைந்தது. உள்ளங்கையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். வெறும் கரிக்கறைதான். காளியப்பன் முன்னால் வந்தான். அப்போது உன் அப்பா உதட்டைப் பிதுக்கி, இருந்த கற்பூரம் தீர்ந்து போச்சே என்று வருத்தப்பட்டார். பிறகு ஒரு பேச்சுப் பேசினார் பார், அதைக் கேட்டிருந்தால் நீயும் குறித்து வைத்துக்கொண்டிருப்பாய். "இந்தச் சீமையில நமக்குச் சோறு போட்டது பால் மரம். அந்தப் பாலும் அம்மா குடுத்ததுதானே? அதையே கொளுத்துவோம். அவளுக்குத் தெரியாதா எவன் உண்மை, எவன் பொய்யின்னு?" கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அந்தக் கூட்டத்தில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒட்டுப்பால் சுட்ட தழும்பு உண்டு. விளக்கைத் தட்டிவிட்டுப் பிள்ளைகள் சுட்டுக்கொள்வது தினமும் நடப்பதுதான். எரியும் பால் ஒட்டினால் விடாது என்று நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அது கோயில் தட்டில் ஏறிவிட்டது. தட்டில் ஏறியதும் அது ஒட்டுப்பால் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் கத்தினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினேன். "தொடாதே! தொடாதே காளியப்பா! அது ஒட்டும், தொடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முடி அவிழ்ந்து கிடந்தது, மூச்சு வாங்கியது, மாதம் நிறைந்த வயிறு. உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் துளிப் பதற்றமில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "தாயே!" என்று என் காலில் விழுந்தார். "பாத்தீங்களா, அம்மாவே எறங்கிட்டா! பொய்யன் தொடக்கூடாதுன்னு சொல்றா!" என்று அழுதார். கண்ணீர் வந்தது மகனே, நிஜக் கண்ணீர். அவ்வளவுதான். உடுக்கை அடிக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் என் கையை முறுக்கிப் பிடித்து, நெற்றியில் திருநீற்றை அப்பி, வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். நான் அது கித்தாடி, கித்தாடி என்று துப்பிக்கொண்டே கத்தினேன். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று குலவை போட்டார்கள். நான் உதறின உதறலெல்லாம் ஆட்டமாகிவிட்டது.

காளியப்பன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. நான் ஏன் கத்துகிறேன் என்று அந்தக் கூட்டத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் அம்மனே தொடாதே என்று சொன்ன பிறகு, பின்வாங்கினால் பொய்யன் என்று ஆகிவிடும். அந்த வழியையும் நான்தான் அடைத்தேன், காப்பாற்றப் போய். "நான் அப்படிச் சொல்லல தாயே" என்று ஒரு முறை சொல்லிவிட்டு உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்தான். ஒட்டிக்கொண்டது. கையை உதறினான், நெருப்பு விரல் இடுக்கில் இறங்கி எரிந்தது. மண்ணில் தேய்த்தான், மண்ணும் சேர்ந்து ஒட்டியது. யாரும் கிட்டே போகவில்லை. பாக்கியம் முந்தானையைப் போட்டு அமுக்கப் போனாள். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மன் தண்டிக்கும்போது குறுக்கே போகக்கூடாதாம். அணைந்த பிறகு, ஆறிப் போன கித்தாவை உரித்தபோது கைத்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. அந்த ஜப்பான்கார ஆபீசர் சிரித்துக்கொண்டே கை தட்டினான். பிறகு உன் அப்பா கையைத் தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது.

நீ படித்தவன், அரசியல் தெரிந்தவன். இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரிந்துகொள்வாயோ என்னவோ. மீதியையும் கேள். வலது கை போன பால் வெட்டுக்காரனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? வேலை செய்யாதவனுக்கு அரிசி இல்லை என்றார் புதுத் தலைவர். புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் கேட்டுப் பாக்கியம் வீடு வீடாகப் போனாள், அம்மன் சுட்ட புண்ணுக்கு எண்ணெய் கொடுத்தால் தங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று கதவைச் சாத்தினார்கள். நான் கொடுத்தனுப்பிய எண்ணெயை உன் அப்பா வழியிலேயே பிடுங்கிக் கொட்டினார். அடுத்த முறை சயாமுக்கு ஆள் கேட்டு லாரி வந்தபோது, முதலில் காளியப்பனைத்தான் கைகாட்டினார். அழுகின கையோடு ரயில் பாதையில் இவன் எதைத் தூக்குவான் என்று ஜப்பான்காரனே கேட்டான். தலையில் கூடை வைக்கலாமே என்றார் உன் அப்பா. இதை நான் என் காதால் கேட்டேன். லாரியில் ஏறும்போது காளியப்பன் என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்க சொன்னது சரிதான்" என்றான். அவன் எங்கே செத்தான், எப்படிச் செத்தான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

நெல்லைக் கேட்கிறாயா? திருவிழா நடந்தது. ஆபீசருக்கு மாலை போட்டு, பட்டு வேட்டி கட்டி, உன் அப்பா பொங்கல் பானையைத் தொட்டு வைத்தார். பிள்ளைகளுக்குக் கைக்கு ஓர் உருண்டை. மிச்ச மூட்டைகள் இரவோடு இரவாக நம் வீட்டுக்கு வந்தன. நான் சாப்பிட்டேன் மகனே. பசித்தது, சாப்பிட்டேன். நீ கொழுகொழுவென்று பிறந்தாய். அந்த வருஷம் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பிழைத்துக் கிடந்தவை கொஞ்சம். கால் வீங்கிய பிள்ளைகளில் பலவற்றைக் கித்தாக் காட்டு ஓரத்தில்தான் புதைத்தோம்.

நீ பிறந்து கொஞ்ச நாளில், மடியில் உன்னைப் போட்டுக்கொண்டு உன் அப்பாவைக் கேட்டேன். உங்களுக்கு அம்மன் மேல் பயமே இல்லையா என்று. அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து இரக்கப்படுவது போல் சிரித்தார். "அவன் சொன்னது உண்மைன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். அவ இருந்திருந்தா அவன் கைய சுட விட்டிருப்பாளா? சுட்டுச்சே. அப்ப இல்லன்னுதானடி அர்த்தம்? இல்லாதவளுக்கு எவன் பயப்படுவான்?" என்றார். உன் அப்பாவின் பக்தி இதுதான். அவர் சாகும்வரை திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். அவர் படத்துக்கு நீ தினமும் பூப் போடுகிறாய், மேடையில் அதையே பின்னால் மாட்டி வைக்கிறாய். நான் கும்பிடுகிற அம்மன் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியதெல்லாம் உன் அப்பா. உன் அப்பாவை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அவர் மூச்சு விடச் சிரமப்பட்டுக் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன், மன்னிக்காமல்தான் விசிறினேன்.

நீ அந்த வாத்தியாரை ஜெயிக்க ஆசைப்படு, தப்பில்லை. குழாய் போடக் காசு எங்கிருந்து வரும் என்று கேள். லயத்துப் பிள்ளைகளுக்கு இதுவரை அவர் என்ன செய்தார் என்று கேள். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல், கிழித்துத் தோரணம் கட்டு. உனக்கு அந்தப் பேச்சு வரும். அதை விட்டுவிட்டு அம்மனைத் தூக்கி ஒருவன் தலையில் போடாதே. போட்டால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். அவன் பெண்டாட்டி எழுந்திருக்க மாட்டாள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் அதே சாக்கில் உட்கார்ந்திருந்தவள் பாக்கியம். அதே காளியப்பன் பெண்டாட்டிதான். பீடோங் பாசாரில் கீரை விற்றுப் பிழைக்கிறாள், நீ ஆயா என்று கூப்பிடுவாயே, உனக்கு இனாமாய்க் கீரை கொடுப்பாளே, அவள்தான். நீ பார்த்திருக்கிறாய், யார் என்று கேட்டதில்லை. அவள் புருஷன் பொய்ச் சத்தியம் செய்தான் என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள். வருஷா வருஷம் அவன் பாவம் தீர நெருப்பு மிதிக்கிறாள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, நான் அவளிடம் போய் ஒட்டுப்பால் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "அக்கா, அம்மா மேல பழி போடாதீங்க. ஒங்க மேலயே வந்து சொன்னாளே. எங்க ஆளு பொய்தான் சொல்லியிருக்காரு, என்கிட்டயும் மறச்சிட்டாரு" என்றாள். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல, அம்மன் வந்த உடம்பு இப்படிப் பேசக்கூடாது என்று எனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்கிறாள். செத்தவனை மனைவியாகக்கூட அழ முடியாமல், கூசிக் கூசியே கிழவியாகிவிட்டாள். நீ மேடையில், பொய்ச் சத்தியம் செய்தவன் கை வெந்து போனது என்று சொன்னாயே, அப்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவளும் கை தட்டினாள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது அவளிடம் கேட்டேன், நான் எப்படிச் சொன்னால் நம்புவாய் என்று. அவள் யோசித்துவிட்டு, "கோயில் வாசல்ல, நாலு பேரு முன்னால, கற்பூரத்த அணச்சு சொன்னா நம்பித்தானே ஆகணும்" என்றாள். சும்மா பேச்சுக்குச் சொன்னாள். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமையை நீ நிறுத்தினாலும் சரி, நடத்தினாலும் சரி. ஊரெல்லாம் கேட்கும்படி நீ அறிவித்துவிட்டாய், கூட்டம் எப்படியும் வரும். வாத்தியாரை வரச் சொல்லாதே, அவருக்கு அங்கே வேலையில்லை. நான் வருகிறேன். கற்பூரத்தைக் கடையில் நானே பார்த்து வாங்கி வருகிறேன். உன் அப்பா கேட்டதாகச் சொன்னது பொய், காளியப்பன் சொன்னது உண்மை, என் மேல் எந்த அம்மனும் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் என் கையால் அடித்து அணைத்துச் சொல்லப் போகிறேன். உன் ஓட்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வருகிறேன். நீ மகனாக எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பாக்கியத்துக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அவளுக்கு முன்வரிசையில் ஓர் இடம் பிடித்து வை.

உன்னைப் பெற்றவள்